பஞ்சரும் ஓடிப்போன நிழலும்

பஞ்சர் என்பது ஒரு நாயின் பெயர். குட்டியாக இருந்தபோது பழைய டயருக்குள் சுருண்டு கிடந்தவனைக் கண்டெடுத்த சித்தப்பா, "மெக்கானிக் வளர்க்கிற நாய்க்கு வேற என்ன பேர் வைக்கிறது?" என்று சொல்லி வைத்த பெயர்.

"சாயங்காலம் குடோன்காரர் வந்து இவனைக் காவலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்," என்றார் சித்தப்பா. அவர் பட்டறைக் கொட்டகையில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த வாலுவுக்குத் திக்கென்றது. அவள் செய்யும் சேட்டைக்கு வீட்டில் எல்லோரும் வைத்த பெயர்தான் வாலு.

"ஏன் சித்தப்பா?" என்று அந்தக் கால்களிடம் கேட்டாள்.

"காலையில சாதுவா இருக்கான். மத்தியானம் ஆனா ஊரையே கூட்டுறான். தண்ணி வச்சா தட்டிக் கொட்டிடுறான். கொழுப்பு! வண்டி விட வர்றவங்க வாசல்லயே நின்னுடுறாங்க."

பஞ்சரா? கொழுப்பா? வாலுவால் நம்ப முடியவில்லை. படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தின் நடுவில் ஒரு மரம், ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பம். காலையில் மரத்தின் நிழல் அங்கேதான் விழும். சித்தப்பா அவனை அதில் கட்டிவிட்டுக் காருக்கு அடியில் போனால், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்.

வெயில் ஏற ஏற, நிழல் மெல்ல மரத்தை நோக்கி நகர்ந்தது. பஞ்சரும் நகர்ந்தான். கயிறு பிடித்து இழுத்தது. நிழல் நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது.

பஞ்சர் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினான். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினான். பிறகு கிண்ணத்தைக் காலால் தட்டிக் கவிழ்த்து, ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரமும் காய்ந்தது. வாள் வாளென்று கத்தத் தொடங்கினான்.

வாலு ஓடிப்போய்ச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். "ஸ்ஸ்!"

உடனே கயிற்றை அவிழ்த்து, அவனைக் கொட்டகைக்குள் கூட்டி வந்து தண்ணீர் வைத்தாள்.

"இங்கே வேணாம் கண்ணு. வண்டி வர்றதும் போறதுமா இருக்கு. சக்கரத்துல மாட்டிக்குவான்," என்றபடி சித்தப்பா வெளியே வந்தார்.

"சரி. ஆனா இன்னைக்கு நீங்க அவன் இடத்துல உட்கார்ந்து சாப்பிடணும்."

"அவ்வளவுதானே? வெயில் எனக்குப் புதுசா என்ன!"

ஸ்டூலைக் கம்பத்தருகே போட்டு, டிபன் கேரியரைத் திறந்தார். நாலு வாய் சாப்பிட்டார். வியர்வையைத் துடைத்தார். இன்னும் ரெண்டு வாய். செருப்பு நழுவி, கால் தரையில் பட்டது.

"அம்மாடியோவ்!"

துள்ளி எழுந்தவர், தண்ணீர் பாட்டிலை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நீங்களும் தண்ணியைக் கொட்டிட்டீங்களே சித்தப்பா. கொழுப்பா?"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் பஞ்சரைப் பார்த்தார். அவன் வாலை ஆட்டினான்.

"அடப்பாவி! எரியுதுன்னுதான் கத்துனியா? எனக்கு உறைக்கவே இல்லையே!" குரல் இறங்கிவிட்டது. "சரி, வேற எங்க கட்டுறது? நிழல் எங்கேயும் நிக்காதே."

வாலு கொட்டகைக்குள் அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு கம்பி. அதில் ஒரு வளையம். வளையத்தில் தொங்கும் விளக்கை, சித்தப்பா எந்த வண்டிக்கு வேண்டுமோ அங்கே இழுத்துக்கொள்வார்.

"சித்தப்பா! பஞ்சரையும் அந்த விளக்கு மாதிரி கட்டிட்டா?"

அவர் விளக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மீதிச் சாப்பாட்டை மறந்துவிட்டுக் கம்பி தேடப் போனார்.

கம்பத்திலிருந்து மரத்தை ஒட்டி, அந்தப் பக்கத்துச் சுவர் வரைக்கும் கம்பி கட்டினார்கள். அதில் ஒரு வளையம். வளையத்தில் பஞ்சரின் கயிறு. வாலு தண்ணீர்க் கிண்ணத்தைப் பழைய டயரின் நடுவில் வைத்தாள். அதை யாராலும் கவிழ்க்க முடியாது. பக்கத்தில் ஒரு சாக்கை நனைத்துப் போட்டாள். பஞ்சர் அதில் நீட்டிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் குடோன்காரர் வந்தார். "எங்கேப்பா அந்தக் கத்துற நாய்?"

"அது மத்தியானமே போயிடுச்சு அண்ணே," என்றார் சித்தப்பா. "இங்க இருக்கிறது வேற. ரொம்ப நல்ல நாய். குடுக்கிறதா இல்லை."

மறுநாளிலிருந்து, மதியம் வெளியே வளையம் 'கிர்ர்' என்று நகரும் சத்தம் கேட்டால் போதும்.

"நிழல் கிளம்பிடுச்சு டோய்!" என்று காருக்கு அடியிலிருந்து ஒரு குரல் வரும். பின்னாலேயே சித்தப்பா வருவார், ஸ்டூலையும் டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு.