விரிக்காமல் விட்ட பக்கம்

“...விரிக்காமலேயே ஸ்கேன் பண்ணியிருக்கு அந்த நத்தை! மடிச்சு வச்ச பக்கத்தைப் பிரிக்கணும்னுகூடத் தெரியாதா? அட்டவணை பாதியில நிக்குது பாருங்கண்ணே!”

“என்கிட்ட ஏன் தம்பி கோபப்படுறே? நான் பிரிண்ட் எடுக்கிறவன்,” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

அடுத்த இயந்திரத்தில் தடித்த பழைய அறிக்கை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளுக்குக் காது சூடாகியது. நத்தை... அது அவள்தான். கப்பல் பட்டறை நூலகத்தில் வேலை. கழித்துக்கட்டும் அறிக்கைகளையெல்லாம் நகலெடுத்து, சொந்தமாக நீர்மூழ்கி கட்டும் பைத்தியங்களின் இணையக் குழுவில் போடுவாள். அங்கே அவளுக்கு அந்தப் பெயர்.

“அந்த நத்தை நான்தான்.”

அவன் திரும்பினான். கையெல்லாம் வெல்டிங் பொறி சுட்ட வடுக்கள். கண்கள் மட்டும்... மழைக்கு முந்தைய கடல்போல இருண்டு, அலைந்துகொண்டே.

“ஐயோ, மன்னிச்சிருங்க. நான் ஏதோ ஆம்பளைன்னு நினைச்சு...”

“ஆம்பளை நத்தைன்னா திட்டலாமா?”

கடைக்காரர் சிரிப்பை மறைக்கக் காகிதக் கட்டுக்குள் குனிந்துகொண்டார்.

அந்த அறிக்கையின் மூலப்பிரதி அவள் பையிலேயே இருந்தது. எடுத்து, மடிந்திருந்த பக்கத்தை விரித்தாள். மேசை முழுக்கப் பரந்தது. யாரோ சிலர் இரும்புத் தகடுகளைக் கடலில் தொங்கவிட்டு, பதினாறு வருடம் காத்திருந்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒன்றாகத் தூக்கி, கழுவி, எடைபோட்டு... படங்களில் ஒவ்வொரு தகடும் நிலாவின் முகம்போலக் குழி குழியாக இருந்தது.

“கடல் அவசரமே படல...” அவன் குரல் கிசுகிசுப்பாகியிருந்தது.

மடிப்புக்குள் ஒளிந்திருந்த கடைசி வரியை அவள் வாசித்தாள். ‘துத்தநாகக் கட்டியின்மேல் சாயம் பூசினால் அது இரும்பைக் காக்காது.’

“இரும்போட சேர்த்து மாட்டுற துத்தநாகம், தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைத் துருப்பிடிக்காம காப்பாத்துது. சாயத்தால மூடி வச்சா எப்படிக் கரையும்?” என்றாள்.

அவன் கைபேசியை நீட்டினான். அவன் கட்டிய நீர்மூழ்கி... மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஆரஞ்சு நிறம்.

“கட்டிகளுக்கும் சேர்த்தே அடிச்சிட்டேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சு...”

“எத்தனை நாளா தண்ணியில கிடக்கு?”

“ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமை முதல் தடவையா இருபது மீட்டர் இறங்கப்போறேன்.”

விரிக்காமல் விட்டது அவள்தானே...

“இறங்காதீங்க. மேல தூக்கி, சாயத்தைச் சுரண்டிப் பாருங்க.”

“எங்கப்பா வர்றாருங்க! மூணு வருஷமா ‘தகர டப்பா’ன்னு கிண்டல் பண்றவரு. என் வெல்டிங் சொட்டு ஒழுகாது.”

“உங்க வெல்டிங்கைப் பார்த்து கடல் பயந்துடுமா?”

அவன் முகம் சுருங்கியது. எடுத்த பிரிண்டைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

அன்று மாலை முழுப் பக்கத்தையும் குழுவில் போட்டாள். ஒரு பக்கத்தைக்கூடத் தவறவிடாதவள் என்று நான்கு வருடமாகப் பெயர்... விரல் தயங்கியது. ஆனாலும் எழுதினாள். ‘மடிப்பை விரிக்காதது என் தவறு. பழைய நகலை நம்பி யாராவது கடலில் இறங்குவதாக இருந்தால், தயவுசெய்து இறங்காதீர்கள்.’

இரண்டு நாள் அவனிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை. திமிர் பிடித்தவன்... அடிக்கடி கைபேசியைப் பார்க்கிற அவளுக்கு மட்டும் என்ன பிடித்திருக்கிறதாம்?

சனிக்கிழமை மதியம், கொட்டும் மழையில் ஒரு செய்தி வந்தது. அவனுடைய பட்டறை முகவரி. ‘வர முடியுமா?’

குடையை மடித்து அவள் உள்ளே நுழைந்தபோது, ஆரஞ்சு நீர்மூழ்கி தாங்கிகள்மேல் ஏறியிருந்தது. அவன் கதவைச் சாத்தி, பட்டறை விளக்கை அணைத்தான். நீர்மூழ்கிக்குள் ஒரு விளக்கை ஏற்றினான்.

வாலில், நீரைத் தள்ளும் வெண்கலச் சுழலிக்குப் பக்கத்தில், சுரண்டிய இரும்பில்... ஒரு ஒளிப்புள்ளி. அருகே இன்னொன்று. இன்னும் ஒன்று. விண்மீன்கள்போல மூன்று ஓட்டைகள்.

அவள் அருகே போய்க் குனிந்தாள்.

“சுத்தியலால ஒரு தட்டு. பொலபொலன்னு கொட்டிடுச்சு,” என்றான். “இவ்வளவு நாளும் கடலை வெளியே நிறுத்தி வச்சிருந்தது வெறும் துரு.”

“அப்பா பார்த்தாரா?”

“பார்த்தாரு. தகர டப்பான்னு சொல்லல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு.”

மழை கூரையில் இரைந்தது.

“நீங்க சொன்னதுக்காகச் சுரண்டலைங்க. எழுதினீங்களே, அதுக்காக. அத்தனை பேர் முன்னாடி தப்பு என்னோடதுன்னு... எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. இருபது தடவையாவது படிச்சிருப்பேன். முதல்ல அட்டவணைக்காக. அப்புறம்...” பார்வையைத் தாழ்த்தினான். “அப்புறம் உங்களுக்காக.”

அவள் கன்னம் சிவந்ததை நல்லவேளையாக இருட்டு மறைத்துக்கொண்டது. விரல் நுனியை ஒரு ஓட்டையின்மேல் வைத்தாள். ஒளி நகக்கண்ணைச் சிவப்பாக்கியது. கடலைப் பற்றி இருநூறு அறிக்கைகள் நகலெடுத்தவள்... முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

“தகடு மாத்த எத்தனை நாள் ஆகும்?”

“ஆறு மாசம்.”

“உள்ள எத்தனை பேர் உக்காரலாம்?”

“ரெண்டு பேர். ஆனா இதுவரைக்கும் யாரையும்...”

கையை எடுக்காமலேயே அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?”