இழுக்காத கம்பி

கிட்ட வாங்க கண்ணுகளா, போர்வையை இழுத்துக்கொண்டு இப்படி என் பக்கம் ஒட்டி உட்காருங்கள். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் நடந்த கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லயத்திலேயே பாட்டுப் பதிவு செய்கிற கிருஷ்ணராஜின் ஹெட்போனில் மழை பெய்தது.

தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தாலும் பதிவு கெட்டுவிடும் என்று, வானம் வெளுத்திருந்த நாளாகப் பார்த்து, லயத்துச் சனமெல்லாம் கொழுந்து பறிக்க மலையேறிய பிறகுதான் அவன் நேற்று பக்கத்து வீட்டு அழகம்மாவை ஒப்பாரி பாடவைத்தான். இன்று போட்டுக் கேட்டால் அவள் குரலுக்கு அடியில், எங்கோ தூரத்தில், சோவென்று மழை.

அவன் கணினியில் விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டதால், டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த றஊப் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் எந்தச் சத்தம் எந்த டிராக்குக்குப் போக வேண்டுமென்று நாமே திரையில் கம்பி இழுத்து இணைக்க வேண்டும்.

"பயப்புடாத மச்சான். நீ கம்பி இழுக்காம இதுக்குள்ள ஒண்டும் வராது," என்றான் அன்று றஊப். "வந்தாலும் உன்ட பாட்டக் கேட்டுட்டு ஓடத்தான் பாக்கும்."

கிருஷ்ணராஜ் இழுத்தது ஒரே கம்பி, மைக்கிலிருந்து முதல் டிராக்குக்கு. மழை இருந்ததோ இரண்டாவதில். அழித்தான். மறுபடி திறந்தபோது அது அங்கேயே இருந்தது. மழைக்குள் இப்போது ரப்பர் செருப்பின் சளக் சளக் சத்தமும் சேர்ந்து, லயத்துக் கல்படியில் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் அந்தப் பாட்டு கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டுமே.

அடுத்த காம்பராவில் இருந்த அழகம்மா, சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கிறவள். ஊருக்கெல்லாம் அழுதவள் தன் மகன் தினேஷுக்கு மட்டும் அழவில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போனவன் காணாமல் போய் இரண்டு வருடம். "பொணத்தப் பாக்காம அழுதா, உசுரோட இருக்கிறவன நாமளே அனுப்பி வச்ச மாதிரி," என்பாள். அந்திக்கு அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைப்பாள்.

நேற்று மைக் முன்னால் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. "பேரில்லாம எப்புடி தம்பி அழுவுறது?"

"தினேஷ் பேரச் சொல்லுங்க அத்தை. சும்மா பாட்டுக்குத்தானே."

அவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். பிறகு பாடினாள். மாரில் அடித்துக்கொண்டு அவள் கதறியபோது அவன் பார்த்தது அவள் முகத்தை அல்ல. சத்தம் கூடக் கூடத் திரையில் ஏறிய பச்சைக் கோட்டை. ரேடியோவுக்கு அனுப்பினால் எடுபடும் என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"இத அழிச்சிரு தம்பி," என்று போகும்போது கும்பிட்டாள்.

"சரிங்க அத்தை," என்றான். அழிக்கவில்லை. இப்போது ஹெட்போனில் அந்தச் செருப்புச் சத்தம் நிற்காமல் ஏறியது.

படி. இன்னொரு படி. கதவு.

மூச்சு.

மைக்கைப் பிடுங்கினான். இரண்டாவது டிராக்கில் பச்சைக் கோடு ஏறியது.

"அம்மா."

தினேஷின் குரல்.

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே ஓடினான். மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் முகத்தைக் கழுவினான். போய்ச் சொல்லிவிட வேண்டும், அத்தை காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினான்.

திறந்து கிடந்த அவன் காம்பராவில், அவனுடைய நாற்காலியில் அழகம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன். அதன் வயர் நுனி எதிலும் சொருகப்படாமல் தரையில் கிடந்தது. மடியில் மூடிவைத்த சோற்றுத் தட்டு.

"என் புள்ள பேசுறான் தம்பி," என்றாள், சிரித்த முகமாக. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தானாம். அம்மா அழுவுற சத்தம் கேட்டிச்சாம்."

கிருஷ்ணராஜ் வெட்கத்தில் தலைகுனிந்தான்.

காய்ந்த சிமெந்துத் தரையில், வாசலிலிருந்து அவள் நாற்காலிக்குப் பின்புறம் வரை, ஈரச் செருப்புத் தடங்கள். திரும்பிப் போன தடம் இல்லை.

அழகம்மா தட்டைத் திறந்து, ஒரு பிடி உருட்டி, தோளுக்குப் பின்னால் நீட்டினாள். கையை மடக்கியபோது அதில் சோறு இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் உலர்ந்த காலோடு வாசலேறி வரட்டும், கண்ணுகளா. அவர்களுக்கென்று மூடிவைத்த சோறு சூடு ஆறாமல் இருக்கட்டும்.