பின் இருக்கையில் தூங்கியவர்

காரின் பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. பதினாறு வருடம் அந்தக் காரை ஓட்டிய எலாடியோவுக்குத் தெரிந்தது. பின்னால் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் அடியிலிருக்கும் வில்பட்டைகள் அப்படி அழுந்தும். குனிந்து ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தார். இருக்கை காலியாகத்தான் கிடந்தது.

"என்ன டோன் எலாடியோ, பழைய காதலியைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்று சிரித்தாள் மிர்த்தா. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அவள்; நாட்டை ஆண்டு, இந்தக் காரில் போய்வந்த ஜெனரல் பலோமேக் நாட்டைவிட்டு ஓடியபோது பிறந்துகூட இருக்கமாட்டாள்.

மதியம் இரண்டு மணி. புவெர்த்தோ லிரியோ நகரம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். காவலாளியும் போய்விட்டான். ஜனாதிபதி மாளிகையாக இருந்த அந்தக் கட்டடத்தின் பளிங்குக் கூடத்தில் இவர்கள் இருவரும் அந்த நீளமான கறுப்புக் காரும் மட்டும். நாளை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பார்க்க வருபவர்கள் காதில் மாட்டிக் கேட்பதற்காக எலாடியோவின் குரலைப் பதிவு செய்ய வேண்டும்.

"ஓட்டுற சீட்டுலயே உக்காந்து சொல்லுங்க. அப்பதான் கதை தானா வரும்" என்று பதிவுக் கருவியைக் காரின் மூக்கின்மேல் வைத்துவிட்டு, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தார். தோல் உறையின் வாசனையும் வெளிநாட்டில் செத்துப்போன ஜெனரல் தலைக்குத் தடவிய ஊதாப்பூத் தைலத்தின் வாசனையும் முப்பது வருடம் மூடிக் கிடந்த கதவுக்குள்ளிருந்து ஒன்றாகக் கிளம்பி முகத்தில் மோதின. அவற்றுக்கும் அடியில், மழை பெய்து ஆறு மாதமான அந்த ஊரில், ஈர மண்ணின் வாசனை மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

அவர் சொல்லப்போகும் கதை நாட்டுக்கே தெரியும். ஜெனரல் பின்னால் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். ஒருமுறை என்றால் மெதுவாகப் போ. இருமுறை என்றால் வேகம். மூன்று முறை என்றால் எது வந்தாலும் நிறுத்தாதே. கரும்பாலை வேலைநிறுத்தத்தில் பிடித்துக்கொண்டுபோன மகனைக் கேட்டு, தெல்ஃபினா ஊக்கான் என்பவள் துறைமுகச் சாலையில், கொட்டும் மழையில், மனுவை நீட்டியபடி நடுவில் நின்றாள். விளக்கு மூன்று முறை எரிந்தது; கார் நிற்காமல் அவள்மேல் ஏறிப் போனது. விசாரணைக் குழுவின் முன்னால் எலாடியோ அழுதுகொண்டே இதைச் சொன்னபோது அவரைச் சிறைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. தெல்ஃபினாவின் தங்கை ரெஃபுஹியோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழையிலையில் மடித்து அவித்த சோளமாவுத் தமால் கொடுத்தனுப்புவாள். "நீங்களும் அந்தாளுக்கு அடிமைதானே, பாவம்" என்பாள். அவர் அதை வாங்கித் தின்றிருக்கிறார். இருபத்தொன்பது கிறிஸ்துமஸ்.

"சொல்லுங்க" என்றாள் மிர்த்தா.

மழையைச் சொன்னார். சாலையைச் சொன்னார். அவள் கையிலிருந்த தாள் நனைந்து துணிபோலத் தொங்கியதைச் சொன்னார். "அப்ப அந்த விளக்கு மூணு தடவை..."

பின்னால் ஒரு குறட்டை.

நீளமானது. முடியும்போது மூக்கில் சின்னதாக ஒரு விசில். அந்த விசிலைப் பதினாறு வருடம் கேட்டவர் அவர்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உனக்கு ஒண்ணும் கேக்கலையா மகளே?"

"உங்க வயித்துச் சத்தமா இருக்கும். முடிச்சிட்டுப் போய்ச் சாப்பிடலாம். மறுபடி அந்த விளக்குலேர்ந்து சொல்லுங்க."

"அப்ப அந்த விளக்கு..."

குறட்டை. இப்போது இன்னும் பக்கத்தில். பிடரி முடியை மூச்சுக்காற்று அசைத்தது. நடுவே தடுப்புக் கண்ணாடி இருந்தும் அசைத்தது.

எலாடியோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"எரியலை" என்றார்.

"என்ன?"

"விளக்கு எரியவே இல்லை. அவர் தூங்கிட்டிருந்தார். ரெண்டு நாளா தூங்காம அன்னைக்குத்தான் கண்ணசந்தார். நான் பிரேக் போட நேரம் இருந்துச்சு மகளே. கால்கூட வச்சேன். போட்டா வண்டி குலுங்கும். அவர் முழிச்சிடுவார்." வார்த்தைகள் தாமாக வந்தன, நிறுத்த முடியவில்லை. "அவ்வளவுதான். அவர் தூக்கம் கலையக் கூடாதுன்னு கால எடுத்துட்டேன். வீடு வந்ததும் கேட்டார், வழியில மேடு ஏதாவது ஏறினியான்னு. ஆமான்னேன்."

குறட்டை நின்றது.

அவமானத்தில், மிர்த்தாவின் அருவருப்பைப் பார்க்கத் தெம்பில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். "அப்படிப் பாக்காதே. ரெஃபுஹியோகிட்ட நானே போய்ச் சொல்றேன். இன்னைக்கே..."

நிமிர்ந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டோன் எலாடியோ," குரல் மெல்லியதாகியிருந்தது, "பின்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

அவர் திரும்பவில்லை.

"ஒருத்தர் முழிச்சிட்டார். அந்தப் பொம்பளை... அவர்கிட்ட என்னமோ குடுக்குறா. அவர் உங்களைக் காட்டுறார்."

நாற்காலி சாய்ந்து விழுந்தது. பளிங்கில் அவள் ஓடும் சத்தம். தூரத்தில் ஒரு கதவு.



பின்கதவுக் கைப்பிடி உள்ளிருந்து அசைந்தது. டக். மறுபடி டக். உள்ளே இருப்பவருக்குத் திறக்கத் தெரியவில்லை. அந்தக் கதவை வெளியிலிருந்து ஓட்டுநர்தான் திறந்துவிட வேண்டும்.

ஓடியிருக்கலாம். உடம்பு இறங்கியது. கால்கள் அவரைக் கேட்காமல் பின்பக்கம் நடந்தன. கை கதவைத் திறந்தது. முதுகு, பழகிய அளவுக்கு, வளைந்தது. தலை கவிழ்ந்தது. கண்களில் பட்டது பளிங்குத் தரை மட்டும்.

ஒரு பாதம் இறங்கியது. செருப்பில்லை. சேறு. விரல்கள் தரையைத் தேடித் தடவின.

அடுத்த பாதம். முறிந்து திரும்பியிருந்த அதன் குதிகால் முன்பக்கம் இருந்தது.

தெல்ஃபினாவால் நிற்க முடியவில்லை. ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால், நனைந்த இரண்டு கைகளையும் அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முழுப் பாரத்தையும் அவர்மேல் சாய்த்தாள்.