கண்ணாடிக்குள் நின்ற வில்லாளி

திரையில் ஒளிர்வதெல்லாம் உண்மையா? ஆயிரம் பேர் படித்துவிட்டால் பிழை பிழையில்லை என்று ஆகிவிடுமா? கைஃபெங் நகரில் ஆறாம் வகுப்புப் படிக்கும் யின்ஹேயை ஒரு வாரம் முழுவதும் குடைந்த கேள்விகள் இவை.

அவளுடைய அத்தை ஞாயிறுதோறும் பூங்காவில் பிள்ளைகளுக்குப் பழைய சீன வில்வித்தை கற்பிப்பவர். இடக்கையில் வில், வலக்கைக் கட்டைவிரலில் மோதிரம், அந்த மோதிரத்தில் நாண். இணையக் கலைக்களஞ்சியமோ நேர்மாறாக முழங்கியது: பண்டைய சீனர் வில்லை வலக்கையில் பிடித்தனர், மோதிரத்தை இடக்கையில் அணிந்தனர்.

அதைப் படித்த திரு. ஹாவ், ஆசிரியைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தம் மகனை அந்த வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். வேறு சிலரும் அவரைப் பின்பற்றினர். பிள்ளைகள் இன்னும் குறைந்தால், பூங்கா நிர்வாகம் அந்த இடத்தை நடனக் குழுவுக்குக் கொடுத்துவிடும்.

யின்ஹே அந்த வரியைத் திருத்தினாள். தேநீர் ஆறுவதற்குள் அது பழையபடி மாறிவிட்டது. மாற்றியவர் ‘மழைக்கூரை’ என்ற பெயரில் எழுதும் ஒரு தொகுப்பாளர். அவர் ஆதாரம் கேட்டார். என் அத்தை சொன்னார் என்று இவள் எழுதினாள்.

“அத்தை எல்லாருக்கும்தான் இருக்காங்க, தம்பி. கட்டுரையில இருக்கிற ஓவியத்தைப் பாரு” என்று பதில் வந்தது.

பார்த்தாள். பழைய ஓவியத்தில் ஒரு வில்லாளி கம்பீரமாக நின்றார். வில் வலக்கையில், மோதிரம் இடக்கையில். ஓவியர் பொய் சொல்வாரா? அத்தைதான் பொய் சொல்வாரா? அத்தையிடமே கேட்டாள். இரண்டு கையாலும் எய்யப் பழகிய வீரர்களும் இருந்தார்கள் என்று அத்தை ஒரு புத்தகத்தைக் காட்டினார். குழப்பம் தெளியவில்லை; இரட்டிப்பானது.

“அப்போ யாரு சொல்றது சரி, அத்தை?”

“நீ கேட்கக் கேட்க எனக்கே எந்தக் கை எதுன்னு மறந்துடும் போலிருக்கு. போய்த் தூங்குடி.”

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் நால்வரே வந்தனர். அவர்களில் ஒரு சிறுமி புதியவள். வகுப்புக்குரிய நீண்ட அங்கியை அவசரமாக மாட்டியிருந்தாள். யின்ஹே சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.

“வலப்பக்கத்தை மேலே போடாதே. செத்தவங்களுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. இடப்பக்கம் மேலே வரணும்.”

சொன்னவளின் கை அப்படியே நின்றது. அத்தையின் கைப்பேசியை வாங்கி ஓவியத்தைப் பெரிதாக்கினாள். வில்லாளியின் அங்கியில் வலப்பக்கம் மேலே இருந்தது. செத்தவரா வில்லை வளைக்கிறார்? இல்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் படம் முழுவதுமே இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது.

கோபமாக எழுத அவளிடம் காரணம் இருந்தது. ஆனால் அவள் பணிவாகவே எழுதினாள்: “ஐயா, இந்த வில்லாளி உயிரோட இருக்காரா? அங்கியை எப்படி மடிச்சிருக்காருன்னு பாருங்க. அப்புறம், நான் தம்பி இல்ல, தங்கச்சி.”

நண்பகலில் மழைக்கூரையின் பதில் வந்தது. அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியத்தோடு ஒப்பிட்டாராம். வில்லாளியின் முகம் கட்டுரையைப் பார்த்தபடி இருந்தால் அழகு என்று, முன்பு அவரே படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார். பின்னால் வந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து அந்த வரியை எழுதினார். அந்த வரிக்கு இவர் அதே படத்தை ஆதாரமாகக் காட்டினார். சாட்சியைத் திருப்பி நிறுத்திவிட்டு, அதன் வாக்கை நம்பியிருக்கிறார் மனிதர்.

“மன்னிச்சுக்கோம்மா. படத்தை மாத்திட்டேன். வரியை நீயே எழுது” என்று முடித்திருந்தார்.

யின்ஹே எழுதினாள். இரு கையாலும் எய்தவர்களையும் விட்டுவிடாமல், அத்தையின் புத்தகத்தை ஆதாரம் காட்டி எழுதினாள்.

அடுத்த ஞாயிறு திரு. ஹாவ் மகனோடு வந்தார். போனவர்களும் அவர் பின்னாலேயே வந்தனர். அவர் கைப்பேசியை அத்தையிடம் நீட்டினார்.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. வில்லை இடது கையிலதான் பிடிக்கணுமாம். கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கான். இனிமேலாவது அப்படிச் சொல்லிக்கொடுங்க.”

யின்ஹே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஆகட்டுங்க, இன்னிக்கே மாத்திக்கிறேன்” என்றார் அத்தை, இடக்கையில் இருந்த வில்லை இடக்கையாலேயே உயர்த்தி.