குடங்களைக் கண்டால் நிற்கும் மோத்தி

புன்னைக்காயலில் படகுகள் நிறைய உண்டு. ஆடுகள் உண்டு. நாய்களுக்குக் கணக்கே இல்லை. கோவேறு கழுதை மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் மோத்தி.

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் கட்டியபோது பாறை இழுப்பதற்காக வடக்கேயிருந்து சில கோவேறு கழுதைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். வேலை முடிந்ததும் எல்லாம் ரயிலேறிப் போய்விட்டன. காலில் காயத்தோடு நின்ற மோத்தியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஹில்டாவின் அப்பா பாஸ்கல் அதைக் கூட்டிவந்து, மருந்து போட்டு, காயம் ஆறியதும், பீப்பாயில் தண்ணீர் ஏற்றித் தெருத்தெருவாக விற்கும் தன் வண்டியில் பூட்டினார்.

மோத்தியின் காது கழுதைக் காது. உடம்பு குதிரை உடம்பு. ஊர்க் கழுதைகள் அதைக் கண்டால் விலகிப் போயின. ஜட்கா வண்டிக் குதிரைகளோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தென்னை நிழலில் தனியாக நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று ஹில்டாவுக்குத் தெரியும். போன வருஷம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். பிறகு குறைவாகப் பேசினார்கள். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவள், "சாப்பிட்டேன்" என்பாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஆண்டு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ஊரே மகிழ்ந்தது. ஹில்டாவும் மற்றவர்களோடு ஓடிப்போய்த் தெருக்குழாயில் கையை நனைத்துப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழாயில் தண்ணீர் கொட்டும்போது பீப்பாய்த் தண்ணீரை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒருநாள் சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். கொழும்புக்குப் போகும் தோணியில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், ஹில்டா தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்றும் சொன்னார். மோத்தியை உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி வன்னியபெருமாளிடம் விற்றுவிடலாம் என்றார். ஆனால் அவர் சும்மா வாங்குகிறவர் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கப்போகும் வண்டிப் போட்டியில் மோத்தியின் நடையைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வாராம்.

"நானும் போட்டிக்கு வாரேன்" என்றாள் ஹில்டா.

வண்டிக்காரர் சங்கம் நடத்திய அந்தப் போட்டி வழக்கமான பந்தயம் போன்றது இல்லை. தூத்துக்குடியில் சனிக்கிழமை காலையில் கிளம்பவேண்டும். இரவு திருச்செந்தூரில் தங்கிவிட்டு, ஞாயிறு மதியத்துக்குள் பெரியதாழைக்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் அங்கங்கே மாட்டு டாக்டர் நின்றுகொண்டிருப்பார். மிருகத்தின் மூச்சையும் முதுகையும் குளம்பையும் பார்த்து மதிப்பெண் போடுவார். விரட்டிக்கொண்டு முன்னதாக வந்தாலும் மதிப்பெண் குறையும். பிந்தினாலும் குறையும். களைக்காமல், காயப்படாமல், சொன்ன நேரத்துக்குள் வந்து சேரும் மிருகத்துக்குத்தான் பரிசு.

அப்பா வண்டியிலிருந்து பீப்பாயை இறக்கி வைத்தார். பீப்பாய் இல்லாத வண்டியில் உட்கார்ந்தபோது ஹில்டாவுக்குச் சாமான்கள் காலிசெய்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை மோத்தி அருமையாக நடந்தது. குதிரைகள் கழுத்துமணி குலுங்க, மினுமினுவென்று ஓடின. வண்டிக்காரர்கள் மோத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "பாஸ்கல், காத மடக்கி வையும். காத்துப் பிடிக்குது" என்றார். மோத்தி எதையும் பொருட்படுத்தாமல் முக்காணியின் ஆற்றுப் பாலத்தையும் ஆத்தூரின் வாழைத் தோட்டங்களையும் ஒரே நடையில் கடந்தது. திருச்செந்தூரில் டாக்டர் அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது இன்றைக்கு வேலை செய்ததா, தூங்கியதா என்று கேட்டார். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்திருந்த வன்னியபெருமாள் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. ஹில்டா இட்லியைப் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மோத்தி நன்றாக நடக்க நடக்க, அவளை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டுக் கிளம்பினார்கள். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் நிலம் மாறியது. ஆறு இல்லை, வாழை இல்லை. ஒரு பக்கம் செம்மணல் மேடுகளாகக் கிடக்கும் தேரி, மறுபக்கம் கடல். நடுவில் பனைமரங்கள்.

ஓர் ஊரின் முனையில், சாலையோரம் பெண்கள் சிலர் குடங்களோடு நின்றிருந்தார்கள். மோத்தி அவர்கள் எதிரே போய், அழகாக வண்டியை ஒதுக்கி, நின்றது.

அப்பா "ஹை" என்றார். மோத்தி நகரவில்லை. கடிவாளத்தை உதறிப் பார்த்தார். இறங்கி முன்னால் போய் இழுத்துப் பார்த்தார். மோத்தி பொறுமையாக ஒரு பெண்ணின் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் வெட்கப்பட்டுக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஹில்டாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மோத்தி தன் வேலையைச் செய்கிறது. குடத்தோடு ஆள் நின்றால் அது நிற்கவேண்டும். குடம் நிறைந்ததும், பீப்பாயை அடைக்கும் மரக்கட்டையைத் துளையில் வைத்து அப்பா 'டொக், டொக்' என்று தட்டுவார். பிறகு முன்னால் வந்து "ஹை" என்பார். தன் குரலுக்குத்தான் வண்டி கிளம்புகிறது என்று இத்தனை காலமும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பீப்பாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்து போகும் ஹில்டா பார்த்திருக்கிறாள். கட்டையைத் தட்டும் சத்தத்துக்குத்தான் மோத்தியின் காது திரும்பும். "ஹை" என்பதற்கு முன்பே அதன் கால் எழுந்துவிடும்.

இன்றைக்குப் பீப்பாய் இல்லை. கட்டை இல்லை. சத்தமும் இல்லை.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். வன்னியபெருமாளின் மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து நின்றது. அவர் முகத்தைச் சுளித்தார். ஹில்டா வாயை மூடிக்கொண்டாள்.

நடக்காத கழுதையை யார் வாங்குவார்கள்? விற்காவிட்டால் அப்பா எப்படித் தோணியேறுவார்?

பெண்கள் நிழல் தேடி நகர்ந்த பிறகுதான் மோத்தி கிளம்பியது. அடுத்த ஊர் முனையிலும் குடங்கள் இருந்தன. அங்கேயும் நின்றது. குதிரை வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. நேற்றுக் கேலி செய்தவர், "பொண்ணு பாக்க வந்திருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே போனார். மணப்பாட்டில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஹில்டா மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. ஆனாலும் அவளால் மோத்தியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாவது ஊரில் வெயில் ஏறிவிட்டது. மோத்தி நின்றது. வன்னியபெருமாள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "இது மண்டக் கழுத, பாஸ்கல். ரெண்டு வச்சாத்தான் கேக்கும்."

அப்பா மோத்தியை ஒருநாளும் அடித்ததில்லை. இப்போது குனிந்து வேலியோரம் கிடந்த கம்பை எடுத்தார்.

மோத்தி கம்பைப் பார்க்கவே இல்லை. எதிரே நின்ற சிறுமியின் வெறுங்குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அது நிறையும்வரை போகக்கூடாது என்பதுபோல.

ஹில்டா எழுந்தாள். வண்டியின் பின்பலகையில் கைமுட்டியால் தட்டினாள். டொக், டொக்.

மோத்தியின் காதுகள் பின்னால் திரும்பின. உடனே நடக்கத் தொடங்கியது. கம்பும் கையுமாக நின்ற அப்பா, வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கம்பைத் தூர எறிந்தார். பிறகு, "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"மொதல்ல நின்னப்பவேவா?"

"ஆமா."

"ஏன்ளா சொல்லல?"

ஹில்டா மோத்தியின் முதுகைப் பார்த்தபடி சொன்னாள். "இது போயிட்டுன்னா நீங்களும் போயிருவிய. பொறவு நான் மட்டும் இருப்பேன்."

அப்பா கடிவாளத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு மறுபடியும் மாற்றினார்.

அடுத்த ஊரின் முனையிலும் மோத்தி நின்றது. ஹில்டா பலகையைத் தட்டக் கையை ஓங்கினாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள். இவர்கள் எல்லாரும் போட்டியை வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஆனால் வேடிக்கை பார்ப்பவர்கள் குதிரைகளையல்லவா பார்ப்பார்கள்? இவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அங்கே முன்னால் நின்ற சிறுமிக்கு ஹில்டாவின் வயதுதான் இருக்கும். ஹில்டா அவளிடம், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"தண்ணி லாரிக்கு" என்றாள் அந்தச் சிறுமி. "எப்ப வரும்னு அதுக்கே தெரியாது."

பக்கத்திலிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊர்க் கிணறு உப்புக் கரிக்கிறதாம். நல்ல தண்ணீர் தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சுடுமணலில் குடத்தோடு போய்வந்தால் பாதிநாள் போய்விடும். இந்தக் கரையில் எல்லா ஊரிலும் இதே பாடுதான்.

ஹில்டா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, மோத்தி நின்ன எடத்துல எல்லாம் தண்ணி இல்லாதவங்கதான் நின்னிருக்காவ."

அப்பா அந்தக் குடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பின்பலகையைத் தானே தட்டினார்.

பெரியதாழைக்கு அவர்கள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். குதிரைகள் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. டாக்டர் மோத்தியின் முதுகைத் தடவினார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். தாமதம் மட்டும் இல்லையென்றால் முதல் பரிசு இதற்குத்தான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். முதல் பரிசு ஒரு வெள்ளைக் குதிரைக்குப் போயிற்று. அதைக் குனிந்து வாங்கியவர் நேற்று மோத்தியின் காதைக் கேலி செய்தவர்தான். அவர் மோத்தி பக்கம் பார்க்கவில்லை.

வன்னியபெருமாள் விரைந்து வந்தார். வழியில் மண்டக் கழுதை என்றதை மறந்துவிட்டவர்போல, நாளைக்கே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

ஹில்டா முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, கொடத்தக் கண்டா நிக்கும். அடிக்கக் கூடாது. பலகையில ரெண்டு தட்டு தட்டுனாப் போதும்."

"தட்டிட்டாப் போச்சு" என்று சிரித்தார் வன்னியபெருமாள். "என்ன பாஸ்கல், முடிச்சிருவமா?"

அப்பா மகளைப் பார்த்தார். மோத்தி போய்விடும் என்று தெரிந்தும் அதற்கு அடிவிழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"விக்கல, அண்ணாச்சி" என்றார். "இங்கனயே இதுக்கு வேல இருக்கு."

வன்னியபெருமாள் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். பிறகு, புத்தி கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது உடனே கிளம்பவில்லை. தள்ளிவிட்டு உதவியதும் பாஸ்கல்தான்.

வெயில் தாழ்ந்ததும் வந்த வழியே திரும்பினார்கள். "கன்னியாஸ்திரிமார்ட்ட என்ன சொல்லுவிய?" என்று ஹில்டா மெதுவாகக் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் இந்தப் பக்கமும் இருக்கும்லா" என்றார் அப்பா. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, "தோணியில போனா எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் கெடையாது, ஏளா" என்றார்.

ஹில்டா விசாரித்த அந்த ஊர் முனைக்கு வந்ததும் மோத்தி நின்றது. லாரி வரவே இல்லை. பெண்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். அப்பா இறங்கிப் போய்ப் பேசினார். பீப்பாயோடு வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தக் கொட்டகையில் மோத்தியைக் கட்டுவது, குடியிருக்க வீடு கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார். உடனே எங்கள் கொட்டகை, உங்கள் கொட்டகை என்று ஒரு சண்டையே தொடங்கிவிட்டது.

காலையில் பேசிய சிறுமி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டியருகே வந்தாள். மோத்தியின் நீண்ட காதைத் தொட்டுப் பார்த்தாள். அவளைக் கண்டு மோத்தி விலகவில்லை.

"எம் பேரு பேச்சித்தாய்" என்றாள். "ஒம் பேரு என்ன?"

வெகுநாளாக அப்படி ஒருவரும் ஹில்டாவைக் கேட்டதில்லை. அவள் வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். தன் பெயரைச் சொன்னாள். பேச்சித்தாய் கேட்காமலேயே மோத்தியின் பெயரையும் சொன்னாள். பிறகு இருவரும் கொட்டகை பார்க்கக் கிளம்பினார்கள்.