மாரிசெல்வியின் தாவணி

சிவகாசியில் பஸ் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முனியராஜ் நனைந்தபடி ஏறினான். காலியாக ஒரே இடம். அதில் ஒரு தகர டப்பா.

"டப்பாவுக்கும் டிக்கெட் எடுத்தீகளாக்கும்?"

பக்கத்து இடத்தில் இருந்த கிருபா நிமிர்ந்தாள். மழையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள்... அவன் குரல் தானாகத் தணிந்தது.

"நின்னுக்கிட்டு வந்தா தேஞ்சா போயிருவீக?" என்றபடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள என்ன, முறுக்கா?"

பஸ் குலுங்கியது. டப்பா திரும்பியது. அரக்கு முத்திரைக்கு மேல் ஒரு பெயர். மாரிசெல்வி.

அவன் சிரிப்பு நின்றது.

"என் தங்கச்சி."

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஷெட்டில் எரிந்துபோனவள். காதல் தோல்வி, மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டாள் என்றது கம்பெனி. ஊரும் அதையே சொன்னது. எஞ்சிய தாவணித் துண்டை இந்த டப்பாவில் போட்டு மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பியது கோர்ட். கிருபா அங்கே வேலை பார்க்கிறாள்; அதை வாங்கிப்போக வந்திருந்தாள். கூட வந்த கான்ஸ்டபிள் டப்பாவை அவளிடம் தந்துவிட்டு முன்சீட்டில் தூங்கினார்.

"அங்கன என்ன செய்வீக?"

"துணியில இருக்கிற ஆவியைப் பிரிச்சு மெசின்ல விடுவோம். மெசினுக்குள்ள இருக்கிற சூட்டுல ஒவ்வொரு அணுவும் அதோட வெளிச்சத்தைக் காட்டும்."

"பேரியம் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு... அது மாதிரியா?" அவன் பட்டாசுக்குக் கலர் மருந்து கலப்பவன்.

"அதேதான். மண்ணெண்ணெய்ல ஆக்ஸிஜன் கிடையாது. பெயிண்ட்ல ஊத்துற தின்னர்ல உண்டு. ஆக்ஸிஜனோட வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. மெசினுக்குத் தெரியும்."

"மருந்து பிசைய தின்னர்தான் ஊத்துறாக. இல்லைங்கிறான் கம்பெனிக்காரன். மண்ணெண்ணெய் இல்லைன்னு எழுதிருங்க..."

"மெசின் சொல்றதைத்தான் எழுதுவேன்."

"எங்க அம்மா வெளிய தலைகாட்ட முடியலைங்க."

"மண்ணெண்ணெய்னு வந்தா அதையும் எழுதுவேன்."

அவன் எழுந்தான். திருத்தங்கலில், கொட்டும் மழையில் இறங்கிப் போனான். அவள் திரும்பிப் பார்த்தாள்... அவன் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து விருதுநகர் கோர்ட்டில் கிருபா சாட்சி சொன்னாள். துணியில் இருந்தது தின்னர். மண்ணெண்ணெய் துளியும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் நின்றான். சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அவளா முடிச்சுக்கிட்டான்னுதான் உள்ளுக்குள்ள நம்பி மனசைத் தேத்தி வச்சிருந்தேன்... அவ சாக நினைக்கவே இல்லைங்க. வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

அவள் அவன் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க சரின்னு தலையாட்டியிருந்தா, இன்னைக்குச் சொன்னதை நம்பியிருக்க மாட்டேன்." கண்ணைத் துடைத்தான். "உங்களைப் பிடிச்சிருக்குங்க. சொல்ற நேரமில்ல... தெரியும்."

"எங்க அப்பா சாத்தூர்ல வாத்தியாரு. எம்புட்டுக் கோவக்காரருன்னு சர்ச்சுல கேட்டுப் பாருங்க."

"நீங்க என்ன சொல்றீக?"

அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"எனக்கும் பிடிச்சிருக்கு... முதல்ல போயி அம்மாகிட்ட சொல்லுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டாக. தங்கச்சி பேரைக் காப்பாத்தப் பேசுறேம்பாக. நீங்களும் வாங்க..."

கிருபா அவனோடு நடந்தாள்.