மூன்றாம் தாடை

ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பட்டறைக்குள் வந்தவள், இரும்பு கடையும் லேத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கடைய வேண்டிய இரும்பைக் கவ்விச் சுழலும் வட்டமான சக்கின் நான்கு தாடைகளும் நடுவுக்கு நெருங்கி வந்திருந்தன.

நேற்று சாயங்காலம் அவள்தான் அவற்றை விளிம்புவரை அகலத் திறந்து, திருகுகளுக்கு எண்ணெய் விட்டு, துணி போர்த்திவிட்டுப் போனாள். இப்போது அந்தத் துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் இருக்க வேண்டிய டயல் லேத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மயிரிழை விலகினாலும் முள்ளை அசைத்துக் காட்டும் அந்த வட்டக் கருவி, தாடைகளுக்கு எதிரே வெறும் காற்றில் முனையை நீட்டிக்கொண்டு, எதற்கோ காத்திருப்பதுபோல.

"என்னக்கா, வந்ததும் வராததுமா சிலை மாதிரி நிக்கிறே?"

பக்கத்துக் கடை வெல்டர். இறந்துபோன அவள் தம்பியின் கூட்டாளி.

"நீ உள்ளே வந்தியா?"

"உன் பூட்டைத் திறக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்." சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நேத்து நீ கிளம்பினப்புறம் சாவி திருப்புற சத்தம் கேட்டுதே. நீதான் திரும்பி வந்துட்டேன்னு நெனச்சேன்."

அவள் ஷட்டர் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். வெல்டர் மேஜையிலிருந்த புதிய சக்கின் பெட்டியைத் தட்டினான்.

"அப்போ பழசு இன்னிக்கு எடைக்குப் போகுது?"

"சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்குவான். தாடை வாய் விரிஞ்சுபோச்சு, முன்பக்கம் பிடிக்கிறதே இல்ல. என்னிக்காவது பிடிச்ச இரும்பு தெறிச்சு யார் மண்டையிலாவது விழும்."

"உன் தம்பி இருந்தா விட்டிருக்க மாட்டான்."

"அவன் இல்லையே."

புதியதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள். கடைக்காரர் மூன்று தாடை சக்கை எடுத்து நீட்டினார். பக்கத்துத் துளையில் ஒரு சாவியைச் செருகித் திருப்பினால் மூன்றும் சேர்ந்தே வரும், வேலை சுலபம் என்றார். உருண்டைக்கு மட்டும்தான் அது சரி, கோணல்மாணலாக வரும் வார்ப்புகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டாள். நான்கு தாடை சக்கில் ஒவ்வொன்றும் தனித்தனித் திருகில் ஓடும். எந்தக் கோணலையும் பிடிக்கும். பிடித்ததை எடுத்த பிறகும், யாரும் தொடாதவரை, அந்த உருவத்தை அப்படியே வைத்திருக்கும். தாடையின் எண்ணும் பள்ளத்தின் எண்ணும் பொருந்துகிறதா, திருகில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தலையாட்டினாள்.

பழையதில் வேலை பார்த்தது இரண்டு பேர். முதல் தாடையில் அவள் சாவி. லேத்துக்குப் பின்னால் நின்று, அதற்கு நேர் எதிரான மூன்றாம் தாடையில் தம்பியின் சாவி. அவள் தளர்த்துவாள்; "விட்டேன்" என்பாள். அவன் இறுக்குவான், "பிடிச்சேன்" என்பான். பிறகு, பிடித்தது நட்ட நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, அவன் சக்கைக் கையால் அரைச் சுற்றுத் திருப்புவான். டயல் முள் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. முள் செத்ததுபோல நிற்கும்வரை அவனுக்கு டீகூட இறங்காது.

ஆஸ்பத்திரியிலும் அவன் பிடியைத் தளர்த்தவில்லை. காய்ச்சல் கொதிக்க, கண் திறக்காமல், அவளுடைய இடது மணிக்கட்டைப் பற்றியபடியே கிடந்தான். மருந்து வாங்கி வரச் சொல்லி நர்ஸ் சீட்டை நீட்டியபோது, "இதோ வந்துடறேன்டா" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான்கு விரல்கள். திரும்பி வந்தபோது அவை அதே வளைவில் மடங்கி, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மதியம் வெல்டர் சாப்பிடப் போனான். தெரு அடங்கியது. எடைக்குப் போகிற சாமானைத் துடைப்பானேன் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அழுக்கோடு அனுப்ப மனம் வரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாள். தூரிகையால் பள்ளங்களிலிருந்த இரும்புச் சுருள்களைத் தள்ளினாள். சூடான எண்ணெயின் வாடை. அணைந்துகிடக்கும் லேத்திலிருந்து எப்படிச் சூடு வரும்?

தாடைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். வட்டமில்லை. சதுரமில்லை. இரண்டு தாடைகள் கிட்டத்தில், இரண்டு சற்றுத் தள்ளி. தட்டையான ஒரு முட்டை வடிவம். இந்த அளவில் எந்த வேலையும் இந்தப் பட்டறைக்கு வந்ததில்லை.

ஆனால் அளவு தெரிந்ததாக இருந்தது.

இடது கையை உள்ளே விட்டாள். நடுத்துளையைத் துடைக்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மணிக்கட்டு அளவெடுத்துச் செய்த வளையலுக்குள் போவதுபோலப் போய் உட்கார்ந்தது. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் கையைப்போல.

கண் நிறைந்தது. "நீதானாடா?" என்றாள்.

கிர்ரிக்.

மூன்றாம் தாடை மயிரிழை நகர்ந்தது. தோலில் பட்டது.

பின்பக்க ஆணியைப் பார்த்தாள். அவன் போனதிலிருந்து அங்கேயே தொங்கிய தம்பியின் சாவி இல்லை.

இழுத்தாள். வரவில்லை. அவளுடைய சாவி வலது கைக்கு எட்டியது. முதல் தாடையின் துளையில் செருகிக் கால் சுற்றுத் தளர்த்தினாள். ஆசுவாசமாக ஒரு மூச்சு.

கிர்ரிக். எதிரிலிருந்து அதே கால் சுற்று.

இரண்டாம் தாடையைத் தளர்த்தினாள். நான்காவது வந்தது. மறுபடி முதல். மறுபடி மூன்று. அவள் எவ்வளவு விட்டாளோ, அவ்வளவு பிடிபட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை மட்டும் இம்மி இம்மியாக நடுவுக்கு நகர்ந்தது.

அவளே உதவிக்கொண்டிருக்கிறாள்.

சாவி கை நழுவித் தட்டில் விழுந்தது.

டயலின் முனை நாடித் துடிப்பின் மேல் வந்து தொட்டது. முள் துள்ளியது. நின்றது. துள்ளியது.

வெளியே செருப்புச் சத்தம். "அக்கா, டீ சொல்லட்டா?"

கத்த வாயைத் திறந்தாள். அந்த நான்கு விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. கடைசி விரலைப் பிரிக்கும்போது அவன் முனகினானா? அன்றைக்கு நின்று கேட்கவில்லை. தொண்டையிலிருந்து கிளம்பியது கூப்பாடு அல்ல.

"விட மாட்டேன்டா. போதும், நிறுத்து."

சாவிச் சத்தம் நின்றது.

லேத்துக்குப் பின்னால், சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த இருட்டில், யாரோ குனிந்து முள்ளைப் பார்த்தார்கள். முள் துள்ளிக்கொண்டிருந்தது.

சக்கின் விளிம்பில், எண்ணெய் படிந்த நான்கு விரல்களின் தடம் ஒவ்வொன்றாகப் பதிந்தது.

மெல்ல, மிகப் பொறுமையாக, அரைச் சுற்றுக்காகச் சக் திரும்பத் தொடங்கியது.